தலையில் கை வைத்து உட்கார்ந்த விவரம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வலது பக்கம் கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை நீங்கலாக. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் முழு நலத்துடன் இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. நான் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதாகவும், சலூன் நொடித்துப்போனதாகவும் கேள்விப்பட்டு எழுதியிருந்தீர்கள். முதல் பாதி உண்மை. அது சிகிச்சை, அத்தான். கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஒரு நரம்பு நெரிபட்டிருக்கிறது. இருபத்தாறு வருடம் அடுத்தவர் பிடரியைக் குனிந்து பார்த்த பலன். கையைத் தொங்கவிட்டால் தோளிலிருந்து விரல் வரை காய்ச்சிய கம்பியைச் செருகியதுபோல் இருக்கிறது; தூக்கித் தலைமேல் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது. அதனால் ஒரு தலை முடிந்து அடுத்த தலை வருவதற்குள் வாசலில் ஸ்டூலைப் போட்டு அப்படி உட்காருகிறேன். முதல் நாளே பக்கத்துத் தையற்கடைக்காரர் ஓடிவந்து, "யாரு போனது?" என்றார். "யாரும் போகலண்ணே, நரம்பு" என்றேன். "எங்கிட்டயே மறைக்கிற பாத்தியா" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டியது வலது தோள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்து அவரும் அழுதார். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் துக்கம் விசாரித்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் கட்டடத்துக்காரர். கடை எப்போது காலியாகும் என்று கேட்டுப் போனார்.

ஆபரேஷன் செய்துகொள் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரம்மாவே இப்போது வேண்டாம் என்றார். இப்படி வருகிறவர்களில் நிறைய பேருக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடுமாம். ஆறு வாரம் பயிற்சி செய்யச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. "பிடி தளர்ந்தாலோ, கையில இருக்கறது நழுவி விழுந்தாலோ, அன்னைக்கே எங்கிட்ட வரணும். ஒளிக்கக் கூடாது." சரி என்று தலையாட்டப் பார்த்தேன், ஆடவில்லை, வாயால் சொன்னேன். இது நான்காவது வாரம்.

பயிற்சி சொல்லித்தரும் பெண் கெட்டிக்காரி. நேரே பார்த்து, முகவாயைப் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணி விட வேண்டும்; பத்துத் தடவை; கண்ணாடி முன்னால் நின்று செய்தால் நல்லது என்றாள். எனக்குக் கண்ணாடிக்கா பஞ்சம்? கடையிலேயே செய்தேன். நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார் கண்ணாடியில் என்ன பார்த்தார் என்றால், நான் அவர் உச்சந்தலைக்கு நேரே வருவதும் முகத்தைச் சுளித்துப் பின்வாங்குவதும். ஏழாவது தடவை, "என்னய்யா, அவ்வளவா கொட்டிப்போச்சு?" என்றார். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பும் என்று சும்மா இருந்தேன். மனிதர் பாதித் தலையோடு எழுந்து போய்விட்டார். மீதிக்கு இன்னும் வரவில்லை.

"குனியாதீங்கய்யா, வேலையைக் கண்ணுக்கு நேரா உயர்த்திக்குங்க" என்றும் சொல்லியிருந்தாள். மறுநாள் நாற்காலியை மிதித்து மிதித்து உச்சிவரை ஏற்றினேன். மேலே இருந்தவர் சிமெண்டுக் கடைக்காரர். "கண்ணாடியில என் தொப்பைதான் தெரியுது, தலைக்கு என்ன ஆகுதுன்னு யாரைக் கேக்கறது?" என்றார். வெட்டி முடித்து இறக்கப் போனால் இறங்கவில்லை. நாற்காலி சிக்கிக்கொண்டது. முக்கால் மணி நேரம் கால் தொங்கக் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் தையற்கடைக்காரர் ஏணியோடு வந்து, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்து, "இவருக்கு யாரு போனது?" என்றார்.

நடுவில் கத்தரிக்கோல் மூன்று தடவை கீழே விழுந்தது. கை ஈரம், வேறொன்றுமில்லை. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரி போட்டுவிடுகிறாள். அது அவள் ஆசைக்கு. இந்த எழுத்து கோணலாக இருப்பதற்கு மேசை காரணம். டாக்டரம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று அவள் நச்சரிக்கிறாள். "ஊரான் கழுத்துலல்லாம் கத்தி வைக்கறீங்க, உங்க கழுத்துன்னா மட்டும் நடுக்கமா?" என்கிறாள். "எவ்வளவு நல்ல கையும் வருஷத்துக்கு ரெண்டு தடவ தப்பும்டி. அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றேன்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கம்போல உங்கள் முகம் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை ரயிலடியில் யாரிடமோ சவரம் செய்துகொண்டு வந்தீர்கள், வாசலிலேயே "எவன் கை வச்சான்?" என்று கேட்டு, நீங்கள் ஊர் திரும்பும்வரை அதையே சொல்லிக்காட்டினேன். அக்காகூட, "மூஞ்சி அவருது, உனக்கென்னடா?" என்று சத்தம் போட்டாள். அப்படிப்பட்டவன் கடையை விடுவேனா? வலி குறைந்துவருகிறது. கை என் கையாகத்தான் இருக்கிறது. கவலை வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோருடைய கழுத்தும் நேராக நிற்கட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். கடை திறந்ததும் முதல் சவரம் தினமும் எனக்கு நானே செய்துகொள்வது. இன்று கத்தி நழுவி மடியில் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தபோது வெறுங்கை கன்னத்தில் வழித்துக்கொண்டிருந்தது. கடையைச் சாத்திவிட்டேன். டாக்டரம்மாவிடம் போக வீட்டுக்காரி ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறாள். நீங்கள் வரும்போது அங்கேயே சவரம் செய்துகொண்டு வாருங்கள், அத்தான். எவன் கை வைத்தான் என்று கேட்க மாட்டேன்.