பதினைந்து யூனிட் வியாபாரம்

பெற்ற மகளின் எதிர்காலத்தை யூனிட் பதினெட்டு ரூபாய் வீதம் விற்றிருந்தார் இரும்புக்கடைக்காரர். மறுநாள் காலை ஏழரைக்கு மகள் புதுச் செருப்போடு வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பத்து மணிக்கு வெளியூரில் அவளுக்கு இன்டர்வியூ. அறுபது கிலோமீட்டர். வீட்டு மின்சாரக் காரில் சார்ஜ் ஆறு சதவீதம்.

“நேத்து பாதிக்கு மேல இருந்துச்சேப்பா?”

“இருந்துச்சு. வித்துட்டேன்.”

சாயந்தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரே மின்சாரத்துக்குத் தவிக்கும். அந்த நேரத்தில் வீட்டில் நிற்கும் கார்களிலிருந்து மின்சார ஆபீஸ் வாங்கிக்கொள்ளும். நடுப்பகலில் யூனிட் ஆறு ரூபாய்க்கு ஏற்றி, சாயந்தரம் பதினெட்டுக்கு இறக்கலாம். ஆணி விற்றே வீடு கட்டியவருக்கு இதைவிட இனிப்பான சேதி உண்டா? காரின் திரையில் ‘வெளியே சென்றது 15 யூனிட்’ என்று வந்ததுமே நோட்டில் வரவு 270 என்று எழுதிவிட்டார்.

“பொண்ணு வேலையைவிட அந்த இருநூத்தி எழுபது பெருசாப் போச்சா?” என்றாள் மனைவி.

“கத்தாதே, இப்பவே ஏத்திடலாம்.” விலையைப் பார்த்தார். “இருபதா! நேத்து நான் வித்த சரக்கையே எங்கிட்ட ரெண்டு கூட்டி விக்கிறானே!”

எட்டு மணிக்கு விலை இறங்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு அடித்ததும், விட்ட நேரத்தைப் பிடிக்க முழு வேகத்தில் ஏற்றினார். குளியலறையில் ஹீட்டர், கூடத்தில் இஸ்திரிப் பெட்டி.

படார்! ஃபியூஸ் போனது.

மனைவி மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டாள். மாடியில் இரண்டு மாதமாகத் தங்கியிருக்கும் அவள் தம்பி, சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தான். அவன் கார் பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும்.

“என் வண்டி இருக்கே அத்தான். பேட்டரி ஃபுல்லு.”

“எவ்வளவு?”

“ஆறுநூறு.”

“மாப்ளே, அவ உன் அக்கா பொண்ணுடா!”

“அதனாலதான் ஆறுநூறு. வேத்து ஆளுன்னா எண்ணூறு.”

“முந்நூறு.”

“அப்பா, மணி எட்டரை!” என்று மகள் அலறினாள்.

நானூறில் முடிந்தது. மைத்துனன் பணத்தை இருமுறை எண்ணினான். பின்பக்க ஷெட்டுக்குப் போய்த் தன் காரில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கித் தொங்கவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு பறந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு மகள் போனில் பேசினாள். “வந்து சேந்துட்டேன்பா. முழுக்க கரண்டுலயே வந்தோம், ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல.”

“பெட்ரோல் ஊத்தாம நானூறா!” கடைக்காரர் நோட்டை எடுத்துச் செலவு 400 என்று எழுதினார்.

அதற்குள் மின்சார ஆபீஸ் ஆள் வந்து ஃபியூஸைப் போட்டு முடித்திருந்தார். கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நேத்து நான் குடுத்த பதினஞ்சு யூனிட்டுக்குக் காசு எப்ப வரும்?”

அவர் மீட்டரை அழுத்திப் பார்த்தார். ஷெட்டை எட்டிப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

“பதினஞ்சும் உங்க வீட்டுக்குள்ளயே தீர்ந்துடுச்சு சார், தெருவுக்கு வந்தது பூஜ்யம், அந்த ஷெட்டு ஒயர்ல எந்தக் காருக்கு ஏத்துனீங்களோ, காசை அந்தக் காருகிட்டயே வாங்கிக்குங்க.”