உதவாக்கரை என்னும் பட்டத்தின் மெய்வரலாறு

சகல சம்பத்தும் பெற்று வாழும் என் அக்கா மகள் சில்வண்டுக்கு மாமா மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கலாமென்றால், மூன்று வாரமாக நீ போனையே எடுப்பதில்லை. ஆகவே, உலகத்தில் ஒரு ஜீவன்கூட நம்பாத வரலாறு ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன்.

அன்று எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடிக்க, ஊர் மெஷினையெல்லாம் ரிப்பேர் பார்க்கும் உன் வீட்டுக்காரரை வரவழைத்தேன், அவரும் இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டு, "ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல மாமா" என்றார், உடனே நான் என் சகலை குடும்பத்தின் முன்னால், "சரியான உதவாக்கரை!" என்றேன். சொன்னதை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அது வசவு என்று உங்களுக்கு யார் சொன்னது?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா நாற்பதாயிரம் யானைகளை வைத்து ஆற்றுக்குக் கரை கட்டினார். கரையில் இடித்துக்கொண்ட நிலா ஒரு வாரம் நொண்டிக்கொண்டே போனது. கட்டி முடித்த பிறகுதான், ஆறு அந்தப் பக்கமே வராது என்று தெரிந்தது. ராஜா அசருவாரா? 'யார் உதவியும் வேண்டாத கரை' என்று கல்வெட்டு வைத்து, அதையே பட்டமாக்கித் தளபதிகளுக்கு மட்டும் வழங்கினார். அதற்காக ஒருவர் எட்டு வருஷம் போர் செய்தார். நான் மாப்பிள்ளைக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறேன்!

உறுதி செய்துகொள்ள நூலகத்துக்குப் போய், அங்கிருந்த அம்மாவிடம், "உதவாக்கரைன்னா என்னம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், "யாரப் பாத்துச் சொல்றீங்க?" என்று அவர் எழுந்துவிட்டார், வரிசையில் நின்ற மூன்று பேர் தங்களைத்தான் சொன்னேன் என்று சட்டைக் கையை மடித்தார்கள், நாலாவது ஆள் தன் மச்சானைச் சொன்னதாக நினைத்து என் கையைக் குலுக்கி, "எப்படி சார் கரெக்டா சொன்னீங்க?" என்றார். தப்பித்து வந்து உன் அத்தையிடம் கேட்டேன். "அகராதி எதுக்கு? நிலைக்கண்ணாடி இருக்குல்ல, போய்ப் பாருங்க" என்றாள். பார்த்தாயா, பட்டத்துக்கு உரியவர் யார் என்று தெரிந்த ஒருத்தி இன்னும் இருக்கிறாள்!

ஆகையால் கோபத்தை மூட்டை கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வாருங்கள். மாப்பிள்ளை தொட்ட மெஷினெல்லாம் நூறாண்டு சுற்றட்டும். நீ என்னைத் திட்டும் திட்டெல்லாம் எனக்கு ஆயுளாகட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: யானை, நிலா, தளபதி எல்லாவற்றையும் அடித்துவிடு. நூலகப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. மாப்பிள்ளையைச் சொன்ன அந்தச் சொல்லும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அவர் போன பிறகு மெஷின் ஜோராக ஓடியது. அப்புறம் பார்த்தால், நான் போட்டிருந்த சட்டையின் பையில், மாப்பிள்ளையின் கைக்குட்டையில் சுற்றி, உன் அத்தைக்குக்கூடத் தெரியாமல் நான் வாங்கிய காது மெஷின் இருந்தது. துவைக்கப் போட்ட துணியோடு போய்க் குழாயை அடைத்தது அதுதான். "எனக்கு இந்த வயசுலயும் ஊசி விழுந்தா கேக்கும்" என்று அன்று சகலையிடம் நான் அளந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, காதோரம் குனிந்து என்னமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா. சகலையையும் கூப்பிட்டிருக்கிறேன். காயவைத்த காது மெஷினை அவர் எதிரிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.