துருக்கியில் எந்தக் கடற்கரை?

"கடல் எண்டால் கடலைப் பாக்கத்தானே போறது. பக்கத்திலை பாட்டுப் போடுறவன் என்னத்துக்கு?"

"பாட்டில்லாமல் தண்ணியைப் பாக்கிறதெண்டால் நான் பக்கத்திலை இல்-பிசார் ஆத்தங்கரையிலை போய் நிப்பன். துருக்கிக்கு ஏன் போவான்?"

"இல்-பிசாரிலை உப்புத்தண்ணி இல்லை."

"உப்பு குசினியிலை கிடக்கு."

கீழ்த்தட்டில் வாடகைக்கு இருக்கும் நிஷான் தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். குடிவந்து மூன்று வருடத்தில் மேல்வீட்டிலிருந்து இவ்வளவு கதை அவர் கேட்டதில்லை.

மேலே பேரின்பநாதனும் பாலாம்பிகையும். மகள் வித்தியா வேலை கிடைத்து வன்கூவருக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். 'சாப்பாடு மேசையிலை.' 'குப்பை நாளைக்கு.' 'கதவைப் பூட்டினீங்களோ?' சண்டைகூட இல்லை. அதுதான் வித்தியாவுக்குப் பயம். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு ஒரு கிழமையாவது எங்கேயாவது போய்வாருங்கோ என்று தொலைபேசியில் அழுதாள். "இப்பிடியே இருந்தீங்களெண்டால் ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் ரெண்டு வீட்டிலை இருப்பீங்கள், அப்பா."

அந்த வசனம் பேரின்பநாதனின் நெஞ்சில் போய் இருந்துவிட்டது. துருக்கி என்று அவர்தான் சொன்னார். ஒருமுறை கொழும்புக்குப் போகும் வழியில் இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் இருந்த பழக்கம்.

ஊர்தான் முடிவாகவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் அவருக்கு வேலை. பின்னுக்கு வரும் லொறிகளின் பீப் சத்தம் நித்திரையிலும் கேட்கும். அதனால் தாட்சா வேண்டும் என்றார். சின்ன ஊர், ஒன்பது மணிக்குப் பிறகு நாய்கூடக் குரைக்காது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பாலாம்பிகை வீட்டிலிருந்து உடுப்புத் திருத்தித் தைக்கிறவர். நாள் முழுக்கத் தையல் மெசின் மட்டும்தான் பேச்சுத்துணை. அவருக்கு மார்மாரிஸ் வேண்டும். கடை, சனம், ஆட்டம்.

பயணம் போகிறதை முன்கூட்டி வெளியில் சொன்னால் நாவூறு பட்டு நடக்காமல் போய்விடும் என்பது பாலாம்பிகையின் உறுதியான நம்பிக்கை. இருந்தும் பேரின்பநாதன் ஒரே ஒரு ஆளிடம் அபிப்பிராயம் கேட்டார். அந்த ஆள் சண்முகலிங்கம், பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர்.

"ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை, மச்சான்."

"நான் சொல்லுவனே?"

பின்னேரத்துக்குள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு முடிந்திருந்தது. தாட்சாவுக்குப் பதினேழு, மார்மாரிசுக்குப் பதினேழு. தலைவர் கியூபாவுக்குப் போட்டிருந்தார்.

மறுநாள் சண்முகலிங்கம் அழைத்தார்.

"மச்சான், நாங்களும் உங்களோடை வாறம். எட்டுப் பேர்."

"அங்கை எங்கடை சாப்பாடு கிடையாதடா."

"ரைஸ் குக்கர் நான் கொண்டுவாறன். நீ மீன் ரின்னை மட்டும் பாத்துக்கொள்."

பேரின்பநாதன் வாயில் வந்ததைச் சொன்னார். "இல்லை மச்சான், பயணத்தை நிப்பாட்டியாச்சு."

"ஏன்?"

"எனக்குப் பெரிசாய் விருப்பமில்லை."

வெள்ளிக்கிழமை கோயிலில் சண்முகலிங்கத்தின் மனைவி பாலாம்பிகையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கேள்விப்பட்டனான், அக்கா. மனதிலை வைச்சிருக்காதையுங்கோ. உங்களோடை தனியப் போக அவருக்கு விருப்பமில்லையாமே. எங்கடை மனுசனும் உப்பிடித்தான், அதுதான் எட்டுப் பேராய்ப் போறம்."

பாலாம்பிகை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் பேரின்பநாதன் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். வாக்கெடுப்பு, ரைஸ் குக்கர், மீன் ரின். பாலாம்பிகை ஒரு காற்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டே கேட்டார். கடைசி நூலையும் இழுத்து எடுத்தபிறகு வாய் திறந்தார்.

"சாப்பாடு மேசையிலை."

கீழே நிஷான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

சனி, ஞாயிறு, திங்கள். ஒன்றும் மாறவில்லை. புதன்கிழமை பேரின்பநாதன் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு நிரோஜாவின் பயண முகவர் நிலையத்துக்குப் போனார். வழி முழுக்க ஒத்திகை பார்த்தார். பாட்டுப் போடுகிறவன் பக்கத்தில் அல்ல, மடியில் இருந்தாலும் பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"தங்கச்சி, மார்மாரிசுக்குப் போடுங்கோ. நல்ல சத்தமான ஹோட்டலாய்ப் பாத்து."

நிரோஜா கணினியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அண்ணை, அக்கா நேற்று வந்து எல்லாம் பதிஞ்சிட்டா. நீங்கள் கையெழுத்து வைக்கிறதுதான் மிச்சம்."

"மார்மாரிசோ?"

"அவவுக்கு மார்மாரிஸ்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத் தாட்சா."

பேரின்பநாதன் கதிரையைத் தேடி இருந்தார். மகள் சொன்ன இரண்டு வீடு ஞாபகம் வந்தது. வீடு என்றாள், ஊர் என்று சொல்லவில்லை.

"என்னோடை கோவமெண்டு சொன்னவவோ?"

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. நல்லாச் சிரிச்சுக் கதைச்சவ."

அது இன்னும் மோசமாக இருந்தது.

"பிளேனிலையாவது?"

"போகேக்கை வேறை வேறை சீற். திரும்பி வரேக்கை மட்டும் கட்டாயம் பக்கத்திலை வேணுமெண்டு நிண்டு போட்டவ, அண்ணை. இஸ்தான்புல்லிலை இருந்து பதினொரு மணித்தியாலம். ஆளாளுக்குச் சொல்ல அப்பவாவது ஏதாவது கிடக்குமாம்."

கையெழுத்து வைக்கவேண்டிய அந்தத் தாள் இன்னும் பேரின்பநாதனின் ஜக்கெற் பையில் மடித்தபடி இருக்கிறது. நீங்கள் என்றால் கையெழுத்து வைப்பீர்களா, மாட்டீர்களா? கீழே எழுதுங்கள். நிரோஜா கொடுத்த தவணை வெள்ளிக்கிழமை, அதற்குள் எழுதினால் நல்லது.