இத்தாவில் ஜிகினா

"பச்சை வேணாம், சிவப்பு மை போடு. நம்ம மண்டி மூட்டைக்கு முத்திரை குத்தின மாதிரி இருக்கு" என்றார் அப்துல் ஜலீல், மனைவி ஓரமெல்லாம் ஜிகினா தூவிச் செய்துகொண்டிருந்த வாழ்த்து அட்டையைத் தாடி உரசக் குனிந்து பார்த்து. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கேயே நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே போய்விட்டாரே என்று ஹமீதா பானுவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பாதிப் பேச்சில் எழுந்து போகிற மனுஷன்.

வெள்ளிக்கிழமை சீர்காழியில் பேத்தி குர்ஆன் ஓதி முடிக்கிற விருந்து. ஹமீதா போக முடியாது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தா முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. பூ, பவுடர், மருதாணி எதுவும் கூடாது. அவளுக்குப் பதிலாக அந்த அட்டைதான் போக வேண்டும். வாங்கிப் போக வந்த அவள் தம்பி உபைதுல்லா கூடத்தில் காத்திருந்தான்.

மை, அவருடைய கைலி மடிப்புக்குள் கிடைத்தது. காய்ந்து கட்டியாகியிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பிறையும் நட்சத்திரமும் அழகாய்ப் பதிந்தன. விரல் நுனிகளும் சிவந்தன. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், உள்ளங்கைவரை பரவியது.

பிறைக்குத் தூவ ஜிகினா டப்பாவைக் கவிழ்த்தால் வரவில்லை. "நீயுமா!" என்று அதன் முதுகில் ஓங்கி அறைந்தாள். மூடி தெறித்து, முகமெல்லாம் ஜிகினா.

தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஜிகினா தலைக்கு ஏறியது. எண்ணெய் போகக் கடலை மாவு பூசினாள்.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்தாள் ஜலீலின் அக்கா சைத்தூன் பீவி.

"யா அல்லாஹ்! எந்தம்பி கபுர் மண்ணு காயல, இவ பவுடர் பூசிக்கிட்டு நிக்கிறா!"

"கடலை மாவு, மதினி."

"தலை மினுங்குது?"

"ஜிகினா."

"கையில மருதாணி?"

"மை."

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு பதில் வச்சிருக்கா பாரு!"

"ஆமா, ரெண்டாங் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டேன். நல்ல மாப்பிள்ளையா நீங்களே பாருங்க!"

சைத்தூன் பீவி தூக்கை ணங்கென்று தரையில் வைத்தாள். மேசையிலிருந்த அட்டையைப் பறித்தாள்.

"சிங்காரிச்சுக்கிட்டுச் செஞ்சது எதுவும் புள்ளைக்குப் போக வேணாம். அடுப்புல போடுறேன்."

"குடுங்க மதினி! அது அவர் சொன்ன சிவப்பு. வேற ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகல அந்த மனுஷன்!" ஹமீதா கை நீட்டினாள். கடலை மாவில் இரண்டு கோடுகள் இறங்கின.

"எந்தம்பி சுத்தமா வாழ்ந்து சுத்தமாப் போனவன். அவன் பேரை ஜிகினாவுல புரட்டுறியா?"

கூடத்திலிருந்து உபைதுல்லா எழுந்து வந்தான். சைத்தூன் பீவி கையிலிருந்த அட்டையை மெல்ல வாங்கிப் பைக்குள் வைத்தான்.

"சைத்தூன் லாத்தா, மச்சானைக் குளிப்பாட்டினவன் நான். தாடியெல்லாம் இந்த ஜிகினாதான். எவ்வளவு தண்ணி ஊத்தியும் போகல, மினுங்க மினுங்கத்தான் கபுர்ல வச்சோம்."