ஆற்றுமுகத்தில் ஒரு மஞ்சள் வீரன்

கி.மு. 4000. ஆற்றின் கிழக்குக் கரையில், குன்றின் அடிவாரத்தில், பச்சைக் கொடியின் கீழ் ஒரு நகரம் நிறுவப்பட்டது. மக்கள்தொகை: ஒன்று.

நிறுவியவர் ஒரு சர்வேயர். வயது நாற்பத்திரண்டு. மாடியறையில், பழைய கம்ப்யூட்டர் முன், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே படிக்கட்டில் அவருடைய மாமனார் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

சண்டை அந்த மாடியறைக்குத்தான். சர்வேயர் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. வரைபடங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்துத்தான் வரைந்தார். போன மாதம் ஒன்று திரும்பி வந்தது. எண்ணெய்க் கறையைக் குளம் என்று எடுத்துக்கொண்டு, "இந்தக் குளம் எந்த ஆவணத்திலும் இல்லையே" என்று கேட்டிருந்தார்கள். இன்னொரு குளம் வெட்டினால், இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளரும் போய்விடுவார்.

மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தைந்து வருடம் ரயில் சத்தத்தில் தூங்கியவருக்குக் கூடத்து டிவி சத்தத்தில் தூக்கம் வரவில்லை. அவருக்கும் அந்த அறை வேண்டும். வாய்விட்டுக் கேட்க இருவருக்கும் கௌரவம் இடம்கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மச்சினிதான் வழி சொன்னாள். ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு குடியேறிக் கூட்டம், ஒரு வீரன். மாறி மாறி ஆட வேண்டும். முதல் நகரம் வளர்ந்தால் அதிலிருந்து புதுக் குடியேறிகளை அனுப்பி அடுத்த நகரம் கட்டலாம். எதிராளியின் நாடு இருட்டில் கிடக்கும். ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து முறை, பத்து நாள்.

"நூறு முறை முடியறப்போ யாருக்கு நகரம் அதிகமோ, அவங்களுக்கு ரூம். நானே வந்து எண்ணிச் சொல்றேன்," என்றாள் மச்சினி.

"சமமா வந்தா?" என்று கேட்டாள் சர்வேயரின் மனைவி. அவள் நடைவழியில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் எங்கே போனாலும் அதை ஒதுங்கித்தான் போக வேண்டும்.

"வராது," என்றார் சர்வேயர்.

"வந்தா?"

"வந்தா நீயே வச்சுக்கோ, தாயே!"

மாமனாரும் சிரித்தார்.

முதல் நாள் சர்வேயர் கட்டத்தாளில் ஆற்றை வரைந்தார். மண்வளம், குன்று, நன்னீர் எல்லாம் குறித்து, ஆறு கடலில் சேரும் இடத்தை இரண்டாம் நகரத்துக்கென்று வட்டமிட்டார். அதைவிட நல்ல இடம் அந்த உலகத்தில் இல்லை. பதினான்காவது முறையில் குடியேறிகள் புறப்பட்டார்கள். பதினேழாவது முறையில் இருட்டு விலகியது.

வட்டமிட்ட கட்டத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு வீரன் நின்றுகொண்டிருந்தான். மாமனாரின் வீரன்.

சர்வேயர் உடனே குடியேறிகளை நகரத்துக்கே திருப்பி ஓட்டினார்.

"உங்க அப்பா ஆள் சாதாரணப்பட்டவர் இல்ல," என்றார் மனைவியிடம். "கரெக்டா அந்த இடத்துல வந்து நிக்கறார்."

"அவரா? செருப்பை எங்க விட்டோம்னு தினமும் தேடறவரு," என்றவள் போன் அடிக்கவும் எழுந்துபோனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள்.

"யாரு?"

"தங்கச்சி. சும்மாதான்."

சர்வேயர் பத்து முறை பொறுத்துப் பார்த்தார். வீரன் இம்மியும் நகரவில்லை. அடிக்கவும் இல்லை, போகவும் இல்லை. அவனை அடித்தால் போர். போர் என்றால் அவன் முதுகுக்குப் பின்னால் இருட்டிலிருந்து எத்தனை மஞ்சள் சட்டைகள் வருமோ!

வீட்டில் சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று காலைப் பேப்பரை முதலில் மாமனாரிடம் நீட்டினார். மறுநாள் சாய்வு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அதற்கடுத்த நாள் டிவி ரிமோட்.

"என்னங்க, அப்பாவுக்குக் கப்பம் கட்டறீங்களா?" என்றாள் மனைவி.

"மரியாதை."

"பத்து வருஷமா எங்க போயிருந்துச்சு அது?"

மாமனார் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சிந்தனை மட்டும் மாறவேயில்லை. அது போர்த்திட்டமேதான் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார்.

ஆற்றுமுகம் வேண்டாம், வடக்கே போவோம் என்று முடிவு செய்தார். துணைக்கு ஆள் இல்லாமல் போன குடியேறிகளை முப்பத்தெட்டாவது முறையில் காட்டுக் கொள்ளையர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

துணை வேண்டும் என்று, இருந்த ஒருவனோடு சேர்த்து நான்கு வீரர்களைத் திரட்டினார். அவர்களுக்குச் சோறு போட்டே களஞ்சியம் காலியானது. அடுத்த குடியேறிக் கூட்டம் தயாராக எழுபதாவது முறை ஆகிவிட்டது. நான்கு வீரர்களும் அவர்களோடு கிளம்பியதும், காவலற்ற நகரத்தில் கொள்ளையர் புகுந்து வயலைக் கொளுத்தினார்கள். அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு மதில் கட்டினார். மதில் முடிந்தபோது தொண்ணூற்று ஒன்று.

மஞ்சள் வீரன் அங்கேயே நின்றான்.

கடைசி நாள் சாயங்காலம் மச்சினி வந்துவிட்டாள். சர்வேயர் குடியேறிகளை மதிலுக்கு வெளியே அனுப்பியிருந்தார். சதுப்பு நிலந்தான். ஆனால் நகரம் நகரம்தானே. தொண்ணூற்றெட்டாவது முறையில் அவர்கள் இடத்தை அடைந்தார்கள். அடுத்த முறை ஒரு பட்டனைத் தட்டினால் போதும்: இரண்டு.

மாமனார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். உள்ளே பட்டன்கள் தடதடவென்று அடிபட்டன. ஒரு வீரனை நகர்த்த ஒரு தட்டுப் போதும். இது இருபது, முப்பது, நாற்பது தட்டு. படிக்கட்டில் உட்கார்ந்து சர்வேயர் விரல்விட்டு எண்ணினார். நாற்பது படைகள்!

"அக்கா, அத்தான் ஏன் இப்படி வெளிறிப்போய் உட்கார்ந்திருக்காரு?"

"கணக்குப் போடறார். தொந்தரவு பண்ணாத."

கதவு திறந்தது. மாமனாரின் சட்டை நனைந்திருந்தது. "உங்க முறை, மாப்பிள்ளை," என்றார். குரலில் உயிரில்லை.

சர்வேயர் திரையைப் பார்த்தார். மஞ்சள் வீரன் அதே இடத்தில். பின்னால் இருட்டு. சதுப்பில் நகரம் கட்டினால், அதைக் காக்க மதிலுக்குள் இருக்கும் வீரர்களை அனுப்ப வேண்டும். அனுப்பினால் நாற்பது படை தலைநகரத்தின் மேல் விழும். எல்லாம் போய்ச் சைபர். கைக்கு வந்த ஒன்றையாவது காப்பாற்றலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடியேறிகளை மதிலுக்குள் திரும்ப அழைத்தார். நூறாவது முறையில் ஒன்றுமே செய்யாமல் முடித்தார்.

மச்சினி திரையில் இருட்டை விலக்கி எண்ணினாள். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

"பச்சை ஒண்ணு. மஞ்சள் ஒண்ணு."

"ஒண்ணா!" சர்வேயர் எழுந்தே விட்டார். "மாமா, அந்தப் படையெல்லாம் எங்க?"

"எந்தப் படை? என்கிட்ட இருந்தது ஒரே வீரன்."

"அவனை ஏன் அங்கயே நிறுத்தி வச்சீங்க?"

மாமனார் தலையைக் குனிந்தார். "நான் எங்க நிறுத்தினேன்? ரெண்டாம் நாள் தெரியாம ஏதோ பட்டன்ல கை பட்டு, தூங்கப் போயிட்டான். எழுப்பத் தெரியல. தினமும் ஒவ்வொரு பட்டனா அழுத்திப் பார்த்துட்டிருந்தேன்."

"ஊருக்குள்ள குடியேறிங்க ரெடியா நிக்கறாங்களே, அவங்களை அனுப்பியிருக்கலாமே?"

"எண்பது முறையா நிக்கறாங்க. ரயிலுக்கு கார்டு மாதிரி அவங்களுக்கு அவன்தானே, மாப்பிள்ளை! கார்டு வராம நான் என்னிக்கு வண்டியை விட்டேன்?"

"வேற வீரனைத் தயார் பண்ணக் கூடாதா?"

"ட்யூட்டி போட்டாச்சு. நடுவுல மாத்தற வழக்கம் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"எதிரிகிட்டயா?"

கீழே நடைவழியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. மச்சினி அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அன்னைக்கே என்கிட்ட கேட்டீங்களேப்பா! எந்தப் பட்டன்னு பார்த்து, அன்னைக்கு சாயங்காலமே அக்காவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேனே. அவ உங்ககிட்ட சொல்லலையா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தையல் மெஷின் மாடியறைக்குப் போனது. தூக்கியவர்கள் இரண்டு பேர்.