செவ்வந்தி ரெசிடென்சி மட்டும் வேண்டாம்

“எந்த ஓட்டலா இருந்தாலும் எனக்குச் சம்மதம். செவ்வந்தி ரெசிடென்சி மட்டும் வேணாம்.”

மெஹதாப் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதைச் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை. அந்த நிமிராத தலைதான் அஹமது பாஷாவை உறுத்தியது.

“ஏன் வேணாம்?”

“வேணாம்னா வேணாம். மத்த ரெண்டுல ஒண்ணு போடுங்க.”

பாஷா கையிலிருந்த காகிதத்தை மறுபடியும் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் நடத்தும் அபிநயா எழுதிக் கொடுத்த காகிதம் அது. ஓசூருக்கு அப்பால் இருக்கும் கலகலா லேண்ட் என்னும் தீம் பார்க்கைச் சுற்றியுள்ள மூன்று ஓட்டல்களின் பெயர்கள் அதில் இருந்தன. செவ்வந்தி ரெசிடென்சி பார்க் வாசலிலிருந்து நடந்து போகிற தூரம். வாடகையும் மற்ற இரண்டை விடக் குறைவு. குறைந்த வாடகையை எந்தப் பெண்பிள்ளையாவது காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பாளா?

பாஷாவுக்குக் காஞ்சிபுரத்தில் சரிகை வியாபாரம். சரிகையை நகத்தால் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால்தான் அசல் என்று ஒத்துக்கொள்வார். இருபது வருடமாகக் கீறிக் கீறி, அவருக்கு எதைக் கண்டாலும் கீறிப் பார்க்கத் தோன்றும். பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்கு ஏன் சிரித்தார் என்று கடை திறக்கும் வரை யோசிப்பார்.

இதனால்தான் கலகலா லேண்ட் பயணம் மூன்று வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதல் வருடம், இரண்டு ஓட்டல்களின் நீச்சல்குளப் படங்களில் ஒரே மேகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பயணம் ரத்து. அடுத்த வருடம், அறைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் கேமரா வைக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரத்து. போன வருடம், ஒரு ஓட்டலைப் புகழ்ந்து எழுதியிருந்தவர்களில் ஐந்து பேர் ‘அருமை’யை ‘அருமய்’ என்றே எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே ஆள் என்று நிரூபித்துவிட்டு, நிம்மதியாகச் சூரத்துக்கு ரயில் ஏறினார்.

ஒவ்வொரு மே மாதமும் சரக்கு எடுக்க அவர் பத்து நாள் சூரத் போவது வழக்கம். அந்தப் பத்து நாளும் மெஹதாப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் சூரத்காரர் சரக்கைப் பார்சலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். மகள் ஆஷிஃபா பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மகன் ஆஸிமுக்குப் பத்து வயது. இன்னும் இரண்டு வருடம் போனால் இவர்கள் அப்பாவோடு ராட்டினம் ஏற வருவார்களா என்ற பயம் பாஷாவுக்கு வந்துவிட்டது. முதல் முறை அந்தப் பெரிய ராட்டினத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் மனத்துக்குள் பலமுறை பார்த்து வைத்திருந்தார்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இதை அறிவித்தபோது யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஆஷிஃபா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“டாடி, அப்போ நீங்க சூரத் போகலியா?”

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். இப்போது அதையும் மறுபடி கீறிப் பார்க்க வேண்டியிருந்தது.

“சரி மெஹதாப். செவ்வந்தில என்னா குறை? அதைச் சொல்லு.”

“லிஃப்ட் இல்ல. உங்களுக்கு முட்டி வலி.”

“லிஃப்ட் இல்லன்னு உனக்கு யார் சொன்னது?”

கத்தி ஒரு நொடி நின்றது.

“அபிநயாதான் சொல்லிச்சு.”

பாஷா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே டிராவல்ஸுக்குப் போனார். அபிநயா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“நான் சொல்லலியே பாய். அங்க லிஃப்ட் இருக்குதா இல்லியான்னு எனக்கே தெரியாது. இருங்க, கேக்கறேன்.”

போன் செய்து கேட்டாள். பிறகு ஆச்சரியத்தோடு சொன்னாள்.

“ஆமா பாய். லிஃப்ட் இல்லியாம். ரெண்டு மாடிதானாம். அக்காக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அதுதான் பாஷாவுக்கும் கேள்வி.

கடைக்கு வந்து, அந்த ஓட்டலைப் பற்றி இணையத்தில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளையும் ஒன்று விடாமல் படித்தார். ஒருவர்கூட லிஃப்ட் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில், கதவைச் சாத்திக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி ஓட்டலுக்கே போன் போட்டார்.

“நான் திருப்புட்குழி ராஜகோபால் பேசறேன். ரூம் வேணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் விவரம் வேணும்.”

வெந்நீர் எத்தனை மணி வரை, கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள், கண்ணாடி சுவரில் பதித்ததா மாட்டியதா என்று இருபது கேள்வி கேட்டார். போனை எடுத்த பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“காஞ்சிபுரத்துல இருந்து யாராவது வந்து தங்கியிருக்காங்களாம்மா?”

“மன்னிக்கணும் சார். தங்கறவங்க விவரத்தை வெளியில சொல்ல மாட்டோம்.”

இந்தப் பதில் பாஷாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதே சமயம் யாரை மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வந்தது.

“நல்லது. மேனேஜர் பேரு என்னாம்மா?”

“ஜாஹிர் சார்.”

பாஷா போனை வைத்துவிட்டார்.

ஜாஹிர் மெஹதாபின் காலா மகன், அதாவது அவள் அம்மாவின் தங்கை பிள்ளை. பாஷாவின் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போவதற்கு முன்னால், அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. சுருட்டை முடி, சிவந்த நிறம். கல்யாணத்தன்று பாஷாவின் தட்டில் பிரியாணி வைத்தவன் அவன்தான். இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தான். எதற்காகக் கூடுதலாக வைத்தான் என்று பாஷா பதினேழு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவன் பெங்களூர்ப் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

லிஃப்ட் விஷயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கிவிட்டது.

அன்று மாலையே பாஷா தன் சொந்தப் பெயரில் செவ்வந்தி ரெசிடென்சியில் அறை போட்டார். வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெஹதாப் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுகிப்போனது.

“அங்க கொசு ஜாஸ்திங்க.”

“மருந்து அடிக்கிறாங்களாம். கேட்டுட்டேன்.”

“ஆஸிமுக்கு உடம்பு சுடற மாதிரி இருக்குது.”

ஆஸிம் அப்போது தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். பாஷா அவனைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வைதான் இருந்தது.

“போகவே வேணாம்னா சொல்லிடு மெஹதாப். எதுக்கு வேணாம்னும் சேர்த்துச் சொல்லிடு.”

அவள் கரண்டியை வெளியே எடுக்க இடுக்கி தேடப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை பாஷா தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்துக்கொண்டார். ஜவுளிக் கடைக்குப் போய் வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்ட்டும் எடுத்தார். ஜாஹிர் எதிரில் நிற்கும்போது தான் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். கண்ணாடியில் பார்த்தபோது திருப்தியாகத்தான் இருந்தது.

“எப்படி இருக்குது?” என்று ஆஷிஃபாவைக் கேட்டார்.

“நல்லாதான் இருக்குது டாடி. யூனிஃபார்ம் மாதிரி” என்றாள் அவள்.

புறப்படும் நாளில் காரை அவரே ஓட்டினார். வாடகை வண்டி டிரைவர்களை அவர் நம்புவதில்லை. முன் சீட்டில் பைகளை அடுக்கியாகிவிட்டதால் மற்ற மூவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஆம்பூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர் வரை பாஷா கண்ணாடியில் சாலையைப் பார்த்ததை விட மனைவியைப் பார்த்ததே அதிகம்.

ஓசூரைக் கடந்ததும் மெஹதாப் பையிலிருந்து நகாப் எடுத்து, கண் மட்டும் தெரியும்படி முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தலைக்கு முக்காடு போடுவாளே தவிர, முகத்தை மூடியவள் இல்லை.

“இது என்னா புதுசா?”

“தூசிங்க.”

பாஷா காரின் கண்ணாடிகளைப் பார்த்தார். நான்கும் ஏற்றியிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் ஆஷிஃபாவும் ஆஸிமும் மாஸ்க் மாட்டிக்கொண்டார்கள். ஆஸிம் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டான்.

“உங்களுக்கும் தூசியா?”

“மறுபடியும் ஏதோ காய்ச்சல் வருதாம் டாடி. நியூஸ்ல சொன்னாங்க” என்றாள் ஆஷிஃபா.

ஆக, பிள்ளைகளும் உடந்தை. பாஷா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“லெஃப்ட் எடுங்க டாடி” என்றான் ஆஸிம்.

அவன் சொல்லி முடித்த பிறகுதான் போனிலிருந்த வரைபடம் இடது பக்கம் திரும்பச் சொன்னது.

“உனக்கெப்படித் தெரியும்?”

“யூடியூப்.”

செவ்வந்தி ரெசிடென்சி வாசலில் காரை நிறுத்திவிட்டு, பாஷா பைகளைக்கூட எடுக்காமல் உள்ளே போனார். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞனிடம் ஆதார் அட்டையை நீட்டினார். மற்ற மூவரும் வாசற்படி ஓரத்திலேயே ஒண்டி நின்றார்கள்.

“மேனேஜரைப் பாக்கணும். ஜாஹிர்னு சொன்னாங்க.”

“எதுனா கம்ப்ளைன்ட்டா சார்?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

உள் அறையின் கதவு திறந்தது. பாஷா நெஞ்சை நிமிர்த்தினார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

வெளியே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். தலையில் ஒரு முடியும் இல்லை. வெள்ளைத் தாடி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பாதி குடித்த டீ.

“நான்தான் ஜாஹிர். சொல்லுங்க தம்பி.”

பாஷா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“உங்களுக்குச் சொந்த ஊரு?”

“மைசூரு.”

“வாணியம்பாடில யாராவது சொந்தக்காரங்க?”

“யாரும் இல்ல தம்பி. பஸ்ல போறப்ப ஒரு தடவை டீ குடிச்சிருக்கேன். டீ நல்லா இல்ல.”

இந்த ஓட்டலில் வேறு ஜாஹிர் யாராவது உண்டா என்று பாஷா கேட்டார். ஒரு ஜாஹிருக்கே சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்றார் பெரியவர். வாசலில் நின்ற மெஹதாபைப் பார்த்துப் பொதுவாக ஒரு சலாம் வைத்துவிட்டு, டீ ஆறிவிடும் என்று உள்ளே போய்விட்டார்.

பாஷாவுக்குப் பதினேழு வருடத்துப் பிரியாணித் துண்டுகள் இரண்டும் அந்தக் கணத்தில்தான் ஜீரணமாயின. லிஃப்ட் இல்லை என்பதை அவள் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பாள். நகாப் தூசிக்காகவே இருக்கும். உலகத்தில் தூசிக்கா பஞ்சம்? எவ்வளவு நல்ல மனைவி, எவ்வளவு நல்ல பிள்ளைகள். மூன்று வருடமாக ஒரு ராட்டினத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கண் கலங்கியது.

மெஹதாப் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மெஹதாப், நான் உன்னைப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே.”

நகாப்புக்கு மேலே தெரிந்த கண்கள் இரண்டும் விரிந்தன.

“நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. ரொம்ப நாளா…”

“எதுவும் சொல்ல வேணாம். இனிமே உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டேன். இது சத்தியம்.”

“இல்லீங்க, இதை இப்பவே சொல்லிட்டா நல்லது.”

“வேணாம்னு சொல்றேன்ல. நீயும் பசங்களும் சும்மா இருங்க. இன்னைக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடி காருக்குப் போனார். இரண்டு பைகளைத் தோளில் மாட்டி, இரண்டைக் கையில் தூக்கி, தண்ணீர்க் கேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் படியேறி வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சந்தேகம் இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது.

மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்த கங்கையம்மாள் என்ற வேலைக்காரப் பெண்மணி சத்தம் கேட்டுத் திரும்பினாள். நகாப்பையும் இரண்டு மாஸ்க்குகளையும் மாறி மாறிப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாயெல்லாம் சிரிப்பாக ஆஷிஃபாவின் கன்னத்தைத் தொட்டாள்.

“மாஸ்க் போட்டா எனக்குத் தெரியாதா கண்ணு, மூணு வருசமா உங்க ரூமை நான்தான கூட்டறேன்? ஏம்மா, உங்க வீட்டுக்காரரு இந்த வருசமும் துபாய்ல இருந்து வரலியா, டிரைவர் வச்சுக்கினு வந்திருக்கீங்க?”