டர்போ காருக்கு ஊத்தின பன்னீர்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமியாரையும் சீர்தட்டுகளையும் பிரிக்பீல்ட்ஸ்ல ஏத்தி, கிள்ளான்ல பொண்ணு வீட்டுல இறக்கணும்.

என் மச்சான் பிரகாஷுக்குப் பரிசம். அவனும் மத்த சொந்தக்காரங்களும் வேன்ல முன்னாடியே போயிட்டாங்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும். தட்டெல்லாம் என் கார்ல.

ஏன் என் கார்ல? நான்தான் கேட்டு வாங்கினேன். "வேன்ல வெச்சா குலுங்கும் அத்தை, நம்ம வண்டியில சொகுசா வரட்டும்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். சொகுசாவது மண்ணாவது! புது என்ஜினை மச்சான் வீட்டு சனங்களுக்குக் காட்டணும், அவ்வளவுதான்.

கார் ஒரு கிழட்டு சிடான். எனக்கு முன்னாடி ஒரு அங்கிள் அதுல பாசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவாரு. வாசம் இன்னும் போகல. ஆனா ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல. அது எனக்குப் பொறுக்கல.

எங்க வாட்சப் குரூப்ல நாலு பேரு ஏத்தி விட்டானுங்க. "அண்ணே, ஜப்பான்ல பாதியா அறுத்து அனுப்புற பழைய கார் இருக்குல்ல, அந்த ஹாஃப்கட்லேர்ந்து டர்போ என்ஜினை எடுத்து உங்க வண்டியில போடுங்க. ஹைவேல எவனும் கிட்ட வர முடியாது!"

அந்த நாலு பேர்ல ஒருத்தன்கிட்டயும் கார் கிடையாது. இது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன் பாருங்க, என்னை எதால அடிக்கிறது?

கிள்ளான்ல குணான்னு ஒரு மெக்கானிக். என்ஜினை இறக்கி வெச்சிட்டுக் கேட்டான். "அண்ணே, டர்போ பைப் போற எடத்துலதான் ஏர்கான் கம்ப்ரசர் இருக்கு. ரெண்டுக்கும் எடம் இல்ல. எது வேணும்?"

"பவர் லா! இது என்ன கேள்வி?"

"ரேடியேட்டரும் பெருசா மாத்தணும். இந்தச் சின்னது தாங்காது."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல கியர் மாத்தும்போது ப்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருமே, அந்தச் சாமானை மாட்டு."

"சரி பாஸ், உங்க கார், உங்க இஷ்டம்"னு மாட்டிட்டான். சிரிச்சுக்கிட்டேதான் மாட்டினான்.

புது என்ஜின்னா புது வண்டி மாதிரிதானே? ஞாயித்துக்கிழமை காலையிலேயே கோயிலுக்குக் கொண்டுபோய் பூசை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. "மெதுவா முன்னால எடுங்க"ன்னாரு குருக்கள்.

மெதுவாவா? அந்தக் கிளட்ச்சுக்கு மெதுவாங்கிற சங்கதியே தெரியாது. காலை லேசா எடுத்தேன். வண்டி ஒரே பாய்ச்சல் பாஞ்சு, பூக்கடை முன்னாடி போய் செத்து நின்னுச்சு. குருக்கள் கற்பூரத் தட்டோட தாண்டிக் குதிச்சாரு. அந்த வயசுல அப்படி ஒரு குதி!

"ஏன்பா, பூசை வண்டிக்கா, எனக்கா?"ன்னாரு.

அப்பவாவது புத்தி வந்துச்சா? "பவரைப் பார்த்தியா!"ன்னு என் பொண்டாட்டி சுமதிகிட்ட பெருமை அடிச்சேன். அவ குருக்கள் தட்டுல தட்சணையைச் சேர்த்துப் போட்டா.

மத்தியானம் கிளம்பினோம். முன்னாடி சுமதி. பின்னாடி அத்தை, பட்டுச்சேலையில, சுத்தியும் தட்டு. ஃபெடரல் ஹைவேல ஏறினதும் ஒரு அழுத்து அழுத்தணும்னு காலெல்லாம் அரிச்சுது. பெட்டாலிங் ஜெயா வர்றதுக்குள்ள ஜாம். லோரிக்குப் பின்னாடி லோரி. எறும்பு எங்களை முந்திப் போயிருக்கும்.

"ஏர்கானைப் போடுங்க மாப்ள, வேர்க்குது."

"ஏர்கான் இல்ல அத்தை."

"கெட்டுப்போச்சா?"

"கழட்டியாச்சு."

"எந்தப் பாவி கழட்டினான்?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்."

அத்தை முந்தானையால விசிறிக்கிட்டே கேட்டாங்க. "காசு குடுத்தா?"

ஜன்னலை இறக்கினேன். லோரி புகை உள்ள வந்துச்சு. அத்தை வேர்த்து வேர்த்து, கார்ல இருந்த தண்ணி பாட்டில் எல்லாத்தையும் குடிச்சுத் தீர்த்துட்டாங்க.

அப்பதான் சூட்டு முள் ஏற ஆரம்பிச்சுது. ஏறி, சிவப்பைத் தொட்டு, அதுக்கு மேல போக எடமில்லாம நின்னுச்சு. பானெட்லேர்ந்து குபுகுபுன்னு ஆவி. ஓரம் கட்டினேன்.

சூடு கொஞ்சம் அடங்கினதும் துண்டைச் சுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. கார்லயும் இல்ல.

என் கண்ணு தட்டுப் பக்கம் போச்சு.

"சீர் தேங்காய்ல கை வெச்ச, மாப்ளன்னுகூடப் பார்க்க மாட்டேன்!"ன்னாங்க அத்தை.

தேங்காய்க்குப் பக்கத்துல பன்னீர் பாட்டில் இருந்துச்சு. வர்றவங்களுக்குத் தெளிக்கிறதுக்குன்னு பெருசா வாங்கி வெச்சது. சுமதி "வேணாங்க, வேணாங்க"ன்னு கத்தினா. நான் மொத்தத்தையும் ஊத்திட்டேன்.

ஸ்டார்ட் ஆச்சு! "பார்த்தியா?"ன்னேன். சொல்லி வாய் மூடல, ஒரு ஹோஸ் பிச்சுக்கிட்டு, டமார்!

ஹைவே முழுக்கப் பன்னீர் ஆவி. கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற மாதிரி கமகமன்னு மணக்குது. மோட்டார் சைக்கிள்ல போன பையன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி மோந்து பார்த்துட்டுப் போனான். ஆசையா வாங்கின அந்த ப்ஸ்ஸ் சத்தம், அன்னைக்குத்தான் நல்லாக் கேட்டுச்சு.

மணியைப் பார்த்தா மூணரை. தட்டு போய்ச் சேரலன்னா பரிசம் நிக்கும். நின்னா காலத்துக்கும் எனக்குச் சோத்தோட சேர்த்து இதையும் போடுவாங்க. சுமதி போனை எடுத்து வாடகைக் காரைக் கூப்பிட்டா.

வந்துச்சுங்க கார். என்ன கார்? என் கார்தான்! அதே மாடல், அதே சாயம், என்னுதைவிட அதிகத் துரு. ஆனா உள்ள அது பொறந்தப்போ இருந்த சாமான் எல்லாம் அப்படியே இருக்கு. கதவைத் திறந்ததும் குளுகுளுன்னு காத்து என் மூஞ்சியில அடிச்சுது.

அத்தை தட்டோட ஏறி உட்கார்ந்து, சாஞ்சு, கண்ணை மூடினாங்க. "இந்த மாதிரி ஒரு வண்டி நீங்க வாங்கியிருக்கலாமே மாப்ள"ன்னாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவங்க ரெண்டு பேரும் போய்ட்டாங்க. நான் இழுவை லோரிக்காகக் காத்துக்கிட்டு நின்னேன். லோரி வந்து காரைத் தூக்கிக் கட்டும்போது சுமதி போன் பண்ணினா. "நாலரைக்கு முன்னாடியே தட்டு மாத்தியாச்சு. ஆனா பன்னீர் எங்கன்னு சம்பந்தி கேக்குறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"டர்போ குடிச்சிருச்சுன்னு சொல்லு"ன்னேன். போனை வெச்சுட்டா.

லோரி கிளம்பும்போது ஜாம் விட்டுடுச்சு. டிரைவர் நல்லா அழுத்தினாரு. புது என்ஜின் போட்டதுக்கப்புறம் என் கார் போன ஆக அதிக வேகம் அதுதான்.